மறு: ‘ஷாகி பாப்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஷாகி பாப்’ என்ற, வேண்டுமென்றே கலைந்த தோற்றத்தில் வெட்டும் குட்டை முடிவெட்டுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். பரட்டை முடி, சடைக் குறுமுடி, அடுக்குக் குறுங்கூந்தல், பிசிர் வெட்டு, கூழை என்று பரிந்துரைகள் குவிந்துவிட்டன. அழகுக்கலை பயிலும் மாணவியருக்கான தமிழ்க் கையேட்டைச் செம்மை பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இந்தச் சொல் எனக்கு ஆராய்ச்சிக்காக அல்ல, அச்சுக்காக வேண்டும். அதனால் என் அளவுகோல் கொஞ்சம் முரடானது. துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்ல வேண்டும். கேட்டதும் கத்தரி பிடித்தவருக்கு வேலை விளங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சொல் அகராதியோடு நின்றுவிடும்.

> ஷாகி என்றால் பரட்டை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. பரட்டை என்பது எண்ணெய் காணாத, சீப்பு படாத தலை. பள்ளிக்குக் கிளம்பும் மகளைப் பார்த்து அம்மா திட்டும் சொல் அது. காசு கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ‘எனக்குப் பரட்டை வெட்டுங்கள்’ என்று யார் கேட்பார்கள்? ஷாகிக்கு வேரான ஷாக் (shag) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சிக்குப் பிடித்த கம்பளி மயிர் என்றுதான் பழைய பொருள் என்று நீங்கள் காட்டியது உண்மை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு அந்தச் சொல்லை மீட்டுக் கொடுக்க ஒரு தலை கிடைத்தது. நியூயார்க்கில் பால் மெக்ரெகர் என்ற சிகையலங்காரக் கலைஞர் நடிகை ஜேன் ஃபோண்டாவுக்கு வெட்டிவிட்ட முடி, 1971இல் வந்த ‘க்ளூட்’ படத்தில் திரைக்கு வந்தது. அதன் பிறகு அங்கே ஷாக் என்பது கேட்டு வாங்கும் பெயர். நம் பரட்டைக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை. ‘சடை’யும் எனக்கு ஒட்டவில்லை. சடைநாய் நினைவுக்கு வரும், அல்லது பின்னல் நினைவுக்கு வரும். இரண்டுமே நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

இன்னொரு குறையும் உண்டு. பரட்டை வெட்டாமல் வருவது. ஷாகி பாப் கோணம் பார்த்து, கற்றை கற்றையாகப் பிரித்து வெட்டி வரவழைப்பது. விட்டேற்றியாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் செலவாகும் கவனம் சாதாரண பாப்பைவிட அதிகம்.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இது இரண்டு எதிரெதிர்க் குடும்பங்களின் பிள்ளை. பாப் என்பது ஓரத்து நேர்கோட்டை நம்பி வாழும் குட்டை வெட்டு. போலந்தில் பிறந்து பாரிசில் பேர்போன சிகையலங்காரக் கலைஞர் அந்துவான், 1909இல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை மனத்தில் வைத்து அதை வெட்டியதாகச் சொல்வார்கள். 1963இல் லண்டனில் விடால் சசூன் என்ற சிகையலங்காரக் கலைஞர், நடிகை நான்சி குவானின் நீண்ட கூந்தலை வெட்டி அதை வடிவியல் பாடமாகவே ஆக்கிவிட்டார். தாடையோரத்தில் அளவுகோல் வைத்தது போன்ற ஒரு விளிம்பு. ஷாக் அந்த விளிம்பையே பகைத்துக்கொண்டு வந்தது. அதில் கோடு என்று எதையும் காட்ட முடியாது. உச்சியில் குட்டை, கீழே போகப் போக நீளம், முகத்தைச் சுற்றிச் சிதறல். இன்றைய ஷாகி பாப் தாடைக்கும் கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்கும் இடையிலான நீளத்தை பாப்பிடம் வாங்கிக்கொள்கிறது. உள்ளே நடப்பதையெல்லாம் ஷாக்கிடம் வாங்கிக்கொள்கிறது.

‘அடுக்குக் குறுங்கூந்தல்’ என்று எழுதிய அம்மாவுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அடுக்கு என்ற சொல்லை நானும் கையேட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது ஷாகி பாப்பின் ஒரு பகுதிதான், முழுப்பெயர் அல்ல. சாதாரண பாப்பில் முடியைக் கீழ்நோக்கி வாரி, கழுத்தோடு ஒட்டிப் பிடித்து வெட்டுகிறோம். தூக்கும் கோணம் 0 டிகிரி. எல்லா இழையும் ஒரே கோட்டில் விழ, கனம் முழுவதும் அங்கே சேர்கிறது. அடர்ந்த முடி உள்ளவருக்கு இதனால்தான் பாப் கீழே விரிந்து முக்கோணமாக நிற்கிறது. 45 டிகிரி அளவுக்குத் தூக்கி வெட்டினால் பிடரியில் ஒரு சரிவு உண்டாகிறது. ஆங்கிலக் கையேடுகள் இதை கிராஜுவேஷன் என்கின்றன. எனக்கு வந்த ஒரு கைப்பிரதியில் இதைப் ‘பட்டமளிப்பு’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள்! நான் ‘சரிவடுக்கு’ என்று மாற்றினேன். மண்டைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியும் அதற்கு மேலும் தூக்கி வெட்டும்போதுதான் அடுக்கு. கனம் குறைந்து, மேல்முடி கீழ்முடியின் மீது தனியாக அசைகிறது.

அடுக்கு மட்டும் இருந்தால் அது லேயர் பாப். நம் ஊர் அழகு நிலையங்களில் ‘ஸ்டெப் கட்’ என்று கேட்டால் கிடைப்பதும் அடுக்குதான். ஆனால் அதில் படி கண்ணுக்குத் தெரியும், தெரியவேண்டும் என்றே வெட்டுவார்கள். ஷாகி பாப்பில் படி தெரிந்தால் வெட்டு தோற்றது. ‘அடுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால், கேட்டவர் ஸ்டெப் கட்டோடு வீட்டுக்குப் போவார்.

படியை மறைப்பது நுனியில் நடக்கும் வேலை. இடக்கையின் இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு கற்றை; விரலுக்கு வெளியே அரை அங்குலம் முடி நீட்டிக்கொண்டிருக்கிறது. கத்தரியைக் குறுக்கே வைத்தால் கோடு விழும். அதனால் அலகை நுனியை நோக்கிச் செங்குத்தாக நிறுத்தி, முனையால் கொத்திக் கொத்தி எடுக்கிறார்கள். தரையில் கற்றை விழாது. தூள் தூளாகத் துணுக்குகள்தான் விழும். விரலை எடுத்ததும் அந்த ஓரம் ஒழுங்கில்லாத சிறு பற்களாக நிற்கிறது, பக்கத்துக் கற்றையோடு கலந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பாயிண்ட் கட்டிங் என்பதற்கு ‘நுனிக்கொத்து’ என்று வைத்திருக்கிறேன். பயிற்சி அறையில் ஒரு மாணவி ‘இன்னும் கொஞ்சம் கொத்தட்டுமா?’ என்று அருகிலிருந்தவரைக் கேட்டது காதில் விழுந்தது. கையேட்டை அவர் பார்த்திருக்கவே முடியாது. அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை.

‘பிசிர் வெட்டு’ என்ற பரிந்துரை இந்த நுனி வேலையைப் பிடித்துவிட்டது, அந்த அளவில் பாராட்டுகிறேன். சிக்கல் என்னவென்றால், பிசிர் தமிழில் எப்போதும் குறை. துணியில் பிசிர், குரலில் பிசிர். முடியைப் பற்றிப் பேசும்போது வாடிக்கையாளர் அதை நுனி வெடிப்பு என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் தவறான கருவியால் வெட்டினால் அந்த ஆபத்தும் இருக்கிறது. சுருண்ட, முரட்டு முடியில் சவரக்கத்தியை இழுத்தால் இழை உரிந்து பொங்கும். அங்கே கத்தரிதான் உசிதம். பிசிரை நோயின் பெயராகவே விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: சிலுப்பு. ஷாக் என்பதற்குச் ‘சிலுப்பு வெட்டு’, ஷாகி பாப் என்பதற்குச் ‘சிலுப்பு பாப்’.

தலையைச் சிலுப்புவது என்றால் உதறி முடியை அசையவிடுவது. எல்லோருக்கும் தெரிந்த வினை. மோரையும் சிலுப்புகிறோம், அடியில் படிந்தது மேலே வர வேண்டும் என்பதற்காக. இந்த வெட்டின் இயல்பும் அதுதான். படிய வாரிய தலைக்கு எதிர்ப்பதம் தமிழில் பரட்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் சிலுப்பிய தலை என்பேன். பரட்டையில் அலட்சியம் இருக்கிறது, சிலுப்பியதில் ஒரு செயல் இருக்கிறது. வெட்டி முடித்ததும் வாடிக்கையாளரைக் குனியச் சொல்லி, விரலால் வேரைக் கலைத்து, ஒரு முறை உதறி நிமிரச் சொல்கிறார்கள். அப்போதுதான் அடுக்குகள் தம் இடத்தில் விழுந்தனவா என்று தெரியும். சொல்லிலேயே அந்தச் சோதனை இருக்கிறது.

> சிலுப்பிக்கொண்டு போனாள் என்றால் திமிர் என்று பொருள்படாதா?

படும். இருக்கட்டுமே. ஜேன் ஃபோண்டாவிலிருந்து ராக் பாடகி ஜோன் ஜெட் வரை இந்த முடியை வைத்துக்கொண்டவர்கள் அடக்க ஒடுக்கத்துக்குப் பேர்போனவர்கள் அல்லர். கொஞ்சம் திமிர் ஒட்டிக்கொள்வது இந்தப் பெயருக்கு நல்லதே. பரட்டை என்றால் பெண் கூசுவாள். சிலுப்பு என்றால் சிரிப்பாள்.

அடுத்தது பாப். இதில்தான் எனக்கு மனம் இரண்டாகிறது. ‘கூழை’ என்று எழுதிய நண்பர் அருமையான சொல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார். குறுந்தொகையின் 113ஆம் பாட்டில் தோழி, கூழைக்கு எருமண் (தலை கழுவும் மண்) கொண்டுவரப் போவதாகச் சொல்கிறாள்; அங்கே கூழை என்பது பெண்ணின் கூந்தல். அதே சொல்லுக்குக் குட்டை, வால் குறைந்தது என்ற பொருள்களும் உண்டு. ஆங்கில பாப் என்பதும் வால் நறுக்கிய குதிரையைச் சொல்லும் வழக்கோடு தொடர்புடையது. இவ்வளவு பொருத்தம் கலைச்சொல் ஆக்கத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனாலும் வழங்குமா? கூழைக்கும்பிடு அந்தச் சொல்லை ஏற்கெனவே கறைப்படுத்திவிட்டது. ‘உங்களுக்குக் கூழை நன்றாக இருக்கும்’ என்று ஒரு மாணவி சொன்னால் கண்ணாடியில் தெரியும் முகம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாப் என்று எழுதினால் பாப் இசையோடு குழம்பும் என்ற வாதம் சரியானதுதான், ஆனால் முடிதிருத்தும் நாற்காலியில் யாரும் இசை கேட்டு உட்காருவதில்லை. கிராப்பு எப்படித் தமிழாகிவிட்டதோ அப்படி பாப்பும் ஆகிவிட்டது. தனியாக வரும் இடங்களில் ‘பாப் வெட்டு’ என்று எழுதினால் குழப்பம் தீரும். கூழையைப் பின்னிணைப்பில் மாற்றுச் சொல்லாகக் குறிக்கிறேன். யாராவது எடுத்துப் புழங்கினால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஒருவர், ‘பெயர் இருக்கட்டும், யாருக்கு இது பொருந்தும் என்று கையேடு சொல்கிறதா?’ என்று கேட்டிருந்தார். சொல்கிறது. பெயரும் அதைப் பொறுத்தே நிற்க வேண்டும். அலையலையான முடிக்கு இது மிக எளிது. வெட்டே பாதி அலங்காரம். மெலிந்த முடி உள்ளவருக்கு அடுக்கைக் கூட்டினால் ஓரம் ஓட்டையாகத் தெரியும், ஆகவே விளிம்பைக் கனமாக வைத்து மேலே இரண்டொரு அடுக்கோடு நிறுத்த வேண்டும். சுருள்முடி காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும், நீளம் விட்டே வெட்ட வேண்டும். அகன்ற தாடை உள்ளவருக்கு ஓரம் தாடையில் முடியக்கூடாது, அதைத் தாண்ட வேண்டும். நெற்றியோரத்தில் சுழி இருந்தால் குட்டையான நெற்றிமுடி வெட்டவே கூடாது. அது எழுந்து நிற்கும், எந்தக் களிம்பும் அதை உட்காரவைக்காது. சுழி என்ற சொல் நம்மிடம் இருப்பது எவ்வளவு வசதி! அதை விட்டுவிட்டு, ஆங்கில ‘கௌலிக்’ என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘பசு நக்கிய முடி’ என்று எழுதியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அலங்காரப் பகுதியில் சொற்கள் அவ்வளவு தொல்லை தரவில்லை. ஈர முடியில் நுரையைத் தடவி, உள்ளங்கையில் கற்றையை அள்ளி மேல்நோக்கிக் கசக்குவதற்குக் ‘கசக்கல்’ போதும். உலர்த்தியின் வாயில் மாட்டும் துளைத்தட்டுக்குப் ‘பரப்பி’ என்று வைத்திருக்கிறேன். காற்றைப் பரப்பிவிடுகிறது, முடி பறப்பதில்லை. உலர்ந்த பிறகு சீப்பு வைக்கக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், ஏனென்றால் நம் கை அதைத்தான் முதலில் செய்யும். வெப்பத்தால் கொடுத்த வடிவத்தை முடியில் தாங்கிப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் அவற்றை அவிழ்த்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் வெளியே போனதும் முடி பொங்குவதற்குக் காரணம் இதுதான். அங்கே முடியைக் கலைத்துக் காட்ட அடிக்கும் உப்புநீர்த் தெளிப்பைவிடக் கொஞ்சம் களிம்பு நல்லது. தேங்காய் எண்ணெய் தலைக்குக் குளிப்பதற்கு முன்பு தாராளமாக வைக்கலாம். குளித்துவிட்டு வைத்தால் சிலுப்பு படிந்துவிடும். பிறகு அது வெறும் பாப்.

பதிவுக்கான வரைவு இது:

சிலுப்பு பாப் (பெயர்): தாடைக்கும் காறை எலும்புக்கும் இடைப்பட்ட நீளத்தில், உச்சியிலிருந்து அடுக்கு வெட்டி, ஓரமும் நெற்றிமுடியும் நுனிக்கொத்தால் கலைக்கப்பட்ட பாப் வெட்டு. படி தெரியாதது. காண்க: சிலுப்பு வெட்டு, சரிவடுக்கு, நுனிக்கொத்து.

நடுவில் பிரிந்து இரு பக்கமும் விழும் நெற்றிமுடிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘திரை நெற்றிமுடி’ என்பது ‘கர்ட்டன் பேங்ஸ்’ என்ற ஆங்கிலத்தின் நிழல். ‘வகிட்டு நெற்றிமுடி’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். வகிடு நெற்றிவரை இறங்கி வருவதால் பொருள் இடிக்கவில்லை, ஆனால் சொல்லும்போது நாக்கு தடுக்குகிறது. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால், பக்கம் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்