பதில்: அனியூரிசம் – வீக்கமா, விரிவா, புடைப்பா?

வணக்கம்.

தமனி ஓரிடத்தில் அளவுக்கு மீறி அகன்றுவிடுவதுதான் அனியூரிசம் (aneurysm). அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு, 'தமனி வீக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். புழக்கம் பெரிய வலுதான். ஆனால் வீக்கம் என்றதும் நீர் கோத்த காலும் அடிபட்ட முட்டியும்தான் நினைவுக்கு வரும். அனியூரிசத்தில் தமனியின் சுவர் தளர்ந்துபோய், இரத்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியே தள்ளுகிறது. அது வேறு சங்கதி.

இதைவிடப் பெரிய சிக்கல் அழற்சி (inflammation). வீங்கியிருந்தால் அங்கே அழற்சி என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பெருந்தமனியின் ஏறுபகுதியில், அதாவது அது இதயத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் இடத்தில், அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. இதயத்திலிருந்து பெருந்தமனிக்குத் திறக்கும் பெருந்தமனி வால்வுக்கு வழக்கமாக மூன்று இதழ்கள்; நூற்றில் ஒருவர் இருவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். இரு சாராருக்கும் குழாய் அகலலாம். ஆனால் அறுவையில் வெட்டியெடுத்த சுவரை நுண்ணோக்கியில் வைத்தால், மூன்று இதழ் உள்ளவர்களிடம் பொதுவாக அழற்சிச் செல்கள் கூடுதலாகத் தென்படும். இரண்டு இதழ் உள்ளவர்களிடம் அது குறைவு. அங்கே முன்னால் நிற்பவை, கருவில் சுவர் உருவான விதமும், இரத்தம் சாய்வாகப் பாய்ந்து ஒரு பக்கச் சுவரிலேயே மோதுவதும்.

செல்லின் வளர்சிதை மாற்றமும் (ஈழத்து நண்பர்களுக்கு அனுசேபம்) இதற்குள் வருகிறது. நடு அடுக்கின் மென்தசைச் செல்கள் சுருங்கும் வேலையைக் கைவிட, சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் நாரை அரிக்கும் நொதிகள் கூடுகின்றன. மார்பான் நோய்க்கான (இணைப்புத் திசுவைத் தளர்த்தும் பரம்பரை நோய்) மரபணு மாற்றம் கொண்ட சுண்டெலிகளில் இச்செல்களின் மைட்டோகாண்ட்ரியச் சுவாசம், அதாவது செல் ஆற்றல் உண்டாக்கும் வேலை, குறைந்திருப்பதை 2021-இல் காட்டினார்கள்; அதை மீட்டபோது பெருந்தமனியின் அகலமும் குறைந்தது. ஆகவே காரணத்தை உள்ளே வைத்துத் தைக்காத சொல்தான் நமக்கு வேண்டும்.

'விரிவு' அப்படிப்பட்டதுதான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இயல்பான விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆனால்தான் அனியூரிசம் என்பது வழக்கமான வரையறை. அதற்குக் கீழே உள்ளதைச் சொல்ல 'விரிவு' தேவைப்படும். 'நெளிவு' சுத்தமாகப் பொருந்தாது, அது குழாய் வளைந்து வளைந்து போவது.

என் பரிந்துரை புடைப்பு. 'நரம்பு புடைக்கக் கத்தினான்' என்று சொல்கிற மொழி இது. குழாய் வெளித்தள்ளுவதற்கு இந்த வினை ஏற்கெனவே கையில் இருக்கிறது. பெருந்தமனிப் புடைப்பு, மூளைத் தமனிப் புடைப்பு, புடைத்த பகுதி, புடைப்பு வெடித்தல் என்று எல்லாம் சிக்கலில்லாமல் வரும். முறத்தில் புடைப்பதோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். இதய மருத்துவரிடம் யாரும் அரிசி கொண்டுபோவதில்லை, விடுங்கள்.

அப்புறம் வால்வு. வெறுமனே 'ஈரிதழ் வால்வு' என்று எழுதாதீர்கள். பள்ளிப் பாடநூலில் அது இடப்பக்க மிட்ரல் வால்வின் பெயர். 'மூவிதழ் வால்வு' வலப்பக்கத்தது. நாம் பேசுவதோ பெருந்தமனியின் வாயிலில் இருக்கும் அரைச்சந்திர (பிறை வடிவ இதழ்கள் கொண்ட) வால்வைப் பற்றி. நீளமானாலும் 'ஈரிதழ்ப் பெருந்தமனி வால்வு' என்று முழுசாகவே எழுத வேண்டும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: "ஏறு பெருந்தமனிப் புடைப்பு 5.5 செ.மீ. எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். ஈரிதழ்ப் பெருந்தமனி வால்வும் கூடுதல் அபாயங்களும் உள்ளவர்களுக்கு 5 செ.மீ.-இலேயே யோசிப்பார்கள்."

எனக்கு உறுத்தவில்லை. சுவரின் அடுக்குகள் பிரிந்து இரத்தம் இடையில் புகுவதற்கு 'அடுக்குப் பிளவு' என்று குறித்து வைத்திருக்கிறேன்; 'கிழிவு' மேல் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.