பழைய லேசர் படகு, தூக்குனா உள்ள தண்ணி சத்தம் கேக்குது, வாங்கலாமா?

கரைக்காத்து:
சென்னையில செயிலிங் கத்துக்கிட்டு ஒரு வருஷமாச்சு, இப்ப சொந்தமா ஒரு படகு வாங்கணும்னு ரொம்ப ஆசை. ஒருத்தர் பழைய லேசர் ஒண்ணு (ஒரே ஆள் ஓட்டுற சின்னப் பாய்மரப் படகு), பாய், மாஸ்ட் (பாயத் தாங்குற கம்பம்) எல்லாம் சேர்த்து தர்றேங்கறாரு. பெயிண்ட் புதுசு, பளபளன்னு இருக்கு, ஆனா நானும் தம்பியும் முன்பக்கத்த தூக்குனப்ப உள்ள களக்களக்னு தண்ணி பின்னாடி ஓடுச்சு. பின்னாடி தண்ணி வடியிற ஓட்டைக்கு அடைப்பு மாட்ட மறந்துட்டேன், அவ்ளோதான்னு சொல்றாரு, நம்பலாமா? அப்புறம் நான் 62 கிலோதான், இந்தப் பாய் எனக்குப் பெருசா?

பழைய சுக்கான்:
தம்பி, பெயிண்ட்ட பாக்காதீங்க, மாஸ்ட் சொருகுற குழிய பாருங்க. லேசர்ல மாஸ்ட்ட இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி கூட கிடையாது, டெக்ல, அதாவது படகோட மேல்தளத்துல இருக்குற அந்தக் குழிக்குள்ள சொருகி நிக்குது, அதனால பாய்ல அடிக்கிற காத்தோட பலம் பூரா நெம்புகோல் போட்ட மாதிரி குழியோட வாயிலயும் அடியிலயும்தான் போய் விழும். அதுல மணலும் சேர்ந்தா மாஸ்ட் திரும்பத் திரும்ப அடி ஃபைபர அரைச்சிடும், கீறல் விடும், அது வழியா தண்ணி உள்ள இறங்கும். குழில விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க, மட்டம் இறங்குச்சுன்னா உள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். நான் வாங்குனப்ப இத செய்யல, நல்ல காத்துல மாஸ்ட் சாஞ்சு டெக்க கிழிச்சுக்கிட்டு வந்துடுச்சு, இன்னிக்கும் அந்தச் சத்தம் காதுல இருக்கு.

எடையும் போட்டுப் பாருங்க. வெறும் படகு 59 கிலோ சுமார்தான் இருக்கணும், அதுக்கு மேல நிறைய காட்டுனா உள்ள தண்ணி ஊறியிருக்கு. டெக்க விரல் முட்டியால தட்டிக்கிட்டே வாங்க, டொக்டொக்னு வந்த சத்தம் ஒரு இடத்துல பொத்துனு மாறுனா அங்க ஃபைபரும் அதுக்குள்ள ஒட்டியிருக்குற ஃபோமும் தனியா விட்டுப்போச்சு.

அலைமேல்:
உங்க 62 கிலோ எடை பத்தி கவலப்படாதீங்க ப்ரோ. படகு ஒண்ணுதான், 4.23 மீட்டர், பாயும் மாஸ்ட்டோட கீழ்ப்பாதியும் மட்டும் மாத்திக்கலாம். பெருசு 7.06 சதுர மீட்டர், நடுவுல 5.76, சின்னது 4.7. உங்களுக்கு 5.76 கரெக்டா இருக்கும், நம்ம சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் ஓட்டுனது அதுதான். 1969-ல புரூஸ் கர்பி இத வரைஞ்சதே கார் கூரை மேல கட்டி எடுத்துட்டுப் போற படகாத்தான், அதான் இவ்ளோ லேசு, இவ்ளோ எளிமை. இப்ப பேரு ஐஎல்சிஏ, தேடும்போது ரெண்டு பேருலயும் தேடுங்க.

கரைக்காத்து:
ஊத்திப் பாத்தேன் சார். ஒரு மணி நேரத்துல ரெண்டு விரக்கட இறங்கிடுச்சு.

பழைய சுக்கான்:
அப்ப இப்போதைக்கு கடல்ல இறக்காதீங்க. சரி பண்ண முடியும், குழி பக்கத்துல டெக்ல கை போற அளவு வட்டமா வெட்டி, நல்லா காயவிட்டு, கண்ணாடி நார்த்துணியும் எப்பாக்ஸியும் வச்சு அடிய கட்டி, வெட்டுன இடத்துல மூடி போட்டுடலாம். அந்தச் செலவ விலையில கழிச்சுக் கேளுங்க, ஒத்துக்கலன்னா விட்டுட்டு வேற படகு பாருங்க.