மூன்று மின்னஞ்சல் கணக்குகள், ஒரே இன்பாக்ஸ்: ஆலய அஞ்சல்கள் வந்து மறைகின்றன, உதவி தேவை

செயலாளர்_கோலசிலாங்கூர்
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று மின்னஞ்சல் கணக்குகள் உள்ளன. மூன்றையும் கைப்பேசியில் ஒரே இன்பாக்சில் பார்க்கும்படி அமைத்திருக்கிறேன். ஆனால் ஒரு கணக்கின் அஞ்சல்கள் சில வேளைகளில் வருகின்றன, சில வேளைகளில் வருவதே இல்லை. வந்தவையும் பிறகு காணாமல் போய்விடுகின்றன. அத்துடன், பள்ளி அஞ்சலுக்கு நான் பதில் எழுதினால் அது என் சொந்த முகவரியிலிருந்து செல்கிறது. திருவிழா நெருங்குவதால் விரைவாக உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீலத்தும்பி
வணக்கம். எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள்? மூன்று கணக்குகளும் எந்த நிறுவனங்களுடையவை? மறைவது எந்தக் கணக்கின் அஞ்சல்? இவை தெரியாமல் எவரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பால்மரம்
கேட்கவே வேண்டியதில்லை, சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. டிரைவில் உள்ள கோப்புகளும் கூகுள் போட்டோசில் உள்ள படங்களும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டிக் காணொளிகளை நீக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

தெலுக்இந்தான்வாசி
என் கணிப்பு வேறு. ஆலயக் கணக்கை ஜிமெயிலுக்குத் திருப்பி அனுப்பும்படி வைத்திருப்பீர்கள். அப்படித் திருப்பப்படும் அஞ்சல், அனுப்பியவரின் இணையப் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சேவையகங்களைக் காட்டும் எஸ்.பி.எஃப். பட்டியலில் இல்லாத ஒரு சேவையகத்திலிருந்து வருவதால், பெறும் பக்கம் அதைச் சந்தேகித்து எரிதக் (ஸ்பேம்) கோப்புறையில் போட்டுவிடக்கூடும். முதலில் ஸ்பேம் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

மூத்தகம்பி
தம்பி, இத்தகைய கேள்விகள் இங்கு மாதந்தவறாமல் வருகின்றன. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் இளையோரிடம் இல்லாமல் போய்விட்டது. 1996 ஆம் ஆண்டின் இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1939 ஐ ஒரு முறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கைப்பேசியில் விளையாடுவதை விட்டுவிட்டு, ஒழுங்கான கணினி ஒன்றில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவி, அதன் ஒருங்கிணைந்த கோப்புறைகளில் மூன்று கணக்குகளையும் பாருங்கள்.

செயலாளர்_கோலசிலாங்கூர்
ஐயா, நான் தம்பியல்ல. ஒன்று என் சொந்த ஜிமெயில். இரண்டாவது தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காகத் திறந்த ஜிமெயில். மூன்றாவது ஆலயத்தின் கணக்கு. அது ஆலயத்தின் சொந்த இணையப் பெயரில், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் சேவையகத்தில் உள்ளது. மறைவது ஆலய அஞ்சல். ஸ்பேமில் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஜிமெயில் செயலி.

நீலத்தும்பி
நன்றி, சகோதரி. இன்னும் சில கேள்விகள். ஆலயக் கணக்கைச் செயலியில் நேரடியாகச் சேர்த்தீர்களா, ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டீர்களா? நேரடியாக என்றால், அஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையா, அதை இறக்கிக்கொள்ளும் பாப் முறையா? பள்ளி ஜிமெயிலுக்கும் இதே கேள்வி. அஞ்சல்கள் மறைவது எந்த நேரத்தில் என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

பால்மரம்
பெட்டி நிரம்பியது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. உள்ளூர் நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் இன்னும் சிறியவை.

நீலத்தும்பி
பெட்டி நிரம்பினால் புதிய அஞ்சல் உள்ளே நுழையாது; அனுப்பியவருக்குத்தான் அது திரும்பிப் போகும். ஏற்கெனவே வந்து சேர்ந்த ஒன்று தானாக மறையாது. இங்கே வந்தவையே மறைகின்றன என்கிறார்.

ரவாங்_ரயில்
இவ்வளவு சிரமம் எதற்கு? கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் பிற கணக்குகளின் அஞ்சலைச் சரிபார்க்கும் பகுதிக்குச் சென்று ஆலய முகவரியைச் சேர்த்தால், ஜிமெயிலே போய் எடுத்து வந்துவிடும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

தெலுக்இந்தான்வாசி
அந்த வசதி பாப் முறையில் இயங்குவது. அதற்கான ஆதரவை 2026 ஜனவரி முதல் நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. பிற நிறுவனக் கணக்குகளை ஜிமெயிலோடு இணைக்கும் ஜிமெயிலிஃபை வசதிக்கும் அதே அறிவிப்புத்தான். ஏற்கெனவே வைத்திருப்பவர் நிலை எப்படியானாலும், புதிதாக ஒருவரை அந்த வழியில் அனுப்பக்கூடாது. கைப்பேசிச் செயலியில் ஐமேப் வழியாகப் பிற கணக்குகளைச் சேர்க்கும் வசதிக்கு இதனால் பாதிப்பில்லை.

செயலாளர்_கோலசிலாங்கூர்
ஆலயக் கணக்கு செயலியில் நேரடியாக, ஐமேப், 993 என்ற போர்ட் எண். பள்ளி ஜிமெயில் என் சொந்த ஜிமெயிலுக்குத் திரும்பி வருகிறது. நேரத்தைப் பொறுத்தவரை, இரவில் வரும் ஆலய அஞ்சல்களைப் படுக்கப் போகும்முன் பார்க்க முடிகிறது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு அவை இல்லை. பகலில் வருபவற்றில் பெரும்பாலானவை என் கண்ணிலேயே படுவதில்லை.

நீலத்தும்பி
இப்போது தெளிவாகிறது. கைப்பேசியைத் தொடாதீர்கள். ஆலயக் கணக்கின் வெப்மெயிலை உலாவியில் திறந்து, இரவில் பார்த்த அஞ்சல் அங்கே இருக்கிறதா என்று காலையில் பாருங்கள். அங்கும் இல்லை, குப்பைக் கோப்புறையிலும் இல்லை என்றால், வேறெங்கோ ஒரு கணினி அதே கணக்கைப் பாப் முறையில் திறந்து, அஞ்சல்களை இறக்கிக்கொண்டு, சேவையகத்திலிருந்து அழித்துவிடுகிறது என்று பொருள். வேறொருவர் தம் கைப்பேசியில் அழித்திருந்தால் அது பெரும்பாலும் குப்பைக் கோப்புறையில் கிடக்கும். பாப் முறையில் அழிந்தவை அங்கே செல்வதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதங்களெல்லாம் ஆபீசில் வந்து குவியும். ஐமேப் என்பது ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைப் படித்துவிட்டு, மற்றவர்களும் படிக்கட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வருவது. பாப் என்பது கட்டோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவது. இருவர் இருவேறு முறையில் ஒரே பெட்டியைத் திறந்தால், எடுத்துச் செல்பவர் கையில்தான் எல்லாம் இருக்கும். பகலில் மட்டும் மறைவதால், அந்தக் கணினி பகலில் மட்டும் இயங்குகிறது என்று ஊகிக்கிறேன். உங்களுக்கு முன்பு செயலாளராக இருந்தவர் யார்?

மூத்தகம்பி
நான் முதலிலேயே ஆர்.எஃப்.சி. 1939 என்று குறிப்பிட்டேன். அது பாப் பற்றிய ஆவணம். படிப்பவர்களுக்கு அதுவே போதும்.

நீலத்தும்பி
ஐயா, ஆவண எண்ணைக் கொடுத்தீர்கள், காரணத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தண்டர்பேர்டை நிறுவச் சொன்னீர்கள். தண்டர்பேர்ட் நல்ல மென்பொருள்தான், ஆனால் அதை நிறுவினாலும் இந்த அஞ்சல்கள் மறைந்துகொண்டேதான் இருக்கும்.

ஈயவயல்
நான் வேறொன்று கேட்கிறேன். ஆலய அஞ்சலையும் சங்க அஞ்சலையும் சொந்தப் பெட்டியோடு கலப்பதே முறையா? உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள் ஒருவரின் சொந்தக் கைப்பேசியில் இருப்பது மலேசியாவின் 2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது.

தெலுக்இந்தான்வாசி
அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகள் தொடர்பான தரவுகளுக்குப் பொருந்துவது. ஆலய நிர்வாகத்தின் கடிதப் போக்குவரத்தை அதன்கீழ் அப்படியே கொண்டுவர முடியாது.

ஈயவயல்
சட்டத்தை விடுங்கள். செயலாளர் மாறினால் என்ன ஆகும்? 1966 ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். அது இப்போது அந்த இலாகாவின் ஈரோசஸ் என்ற இணையத்தளத்தில் நடக்கிறது. அதற்குக் கொடுத்த முகவரி ஒருவரின் சொந்தப் பெட்டியாக இருந்து, அவர் கோபித்துக்கொண்டு விலகினால், புதிய செயலாளர் யாரிடம் போய் நிற்பார்?

தெலுக்இந்தான்வாசி
அப்படியென்றால் நாம் ஒரே கட்சிதான். ஒரே திரையில் பார்ப்பது வேறு, ஒரே பெட்டியில் கலப்பது வேறு. ஐமேப் வழியாகச் செயலியில் சேர்த்து, அனைத்து இன்பாக்ஸ் என்ற பார்வையில் படித்தால், ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகவே இருக்கும். செயலாளர் மாறும்போது கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தால் போதும். திருப்பி அனுப்புவதில்தான் சொந்தப் பெட்டியில் நகல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. சகோதரியின் இரண்டாவது சிக்கலும் அதனால் வந்ததே. பள்ளி அஞ்சல் சொந்த ஜிமெயிலுக்குள் வந்துவிடுவதால், பதிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. திருப்புவதை நிறுத்திவிட்டு, பள்ளி ஜிமெயிலையும் செயலியில் தனிக் கணக்காகச் சேருங்கள். எந்தக் கணக்குக்கு வந்த அஞ்சலோ, அந்தக் கணக்கிலிருந்தே பதில் போகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஈராண்டுக்கு எவரும் உள்நுழையாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. திருப்பிவிட்டோம் என்று பள்ளிக் கணக்கை யாரும் திறக்காமலே விட்டுவிடக்கூடாது.

ரவாங்_ரயில்
திருப்புவதை நிறுத்த மனமில்லாதவர்கள், கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் பள்ளி முகவரியை அனுப்பும் முகவரியாகச் சேர்த்து, அந்த முகவரிக்கு வரும் உறுதிப்படுத்தும் குறியீட்டை உள்ளிட்டு, வந்த முகவரியிலிருந்தே பதிலளி என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதுவும் வேலை செய்யும்.

செயலாளர்_கோலசிலாங்கூர்
வெப்மெயிலில் பார்த்தேன். அங்கும் இல்லை, குப்பையிலும் இல்லை. முன்னாள் செயலாளர் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்). பழைய கணினி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடட்டுமா?

நீலத்தும்பி
மாற்றினால் அந்தக் கணினி இனிமேல் எதையும் எடுக்காது. ஆனால் இதுவரை எடுத்தவை அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் அவர் வீட்டுக்குப் போய், அந்த மென்பொருளில் உள்ள பாப் கணக்கின் அமைப்புகளில், நகலைச் சேவையகத்தில் விட்டுவைக்கும் தெரிவைக் குறியிடுங்கள். அதன் அருகிலேயே, இத்தனை நாள்களுக்குப் பின் நீக்கு என்று ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு அதே மென்பொருளில் ஆலயக் கணக்கை ஐமேப் முறையில் இன்னொரு முறை சேர்த்து, பழைய அஞ்சல்களைப் பாப் கோப்புறையிலிருந்து ஐமேப் கோப்புறைக்கு இழுத்துப் போடுங்கள். அவை சேவையகத்துக்கு ஏறி, உங்கள் கைப்பேசியிலும் தெரியத் தொடங்கும். ஏறியவற்றை வெப்மெயிலில் ஒரு முறை சரிபார்க்கும்வரை பாப் கணக்கை நீக்க வேண்டாம். சில மென்பொருள்களில் கணக்கை நீக்கினால் அதன் அஞ்சல்களும் சேர்ந்து போய்விடும். கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் கடைசியாக மாற்றுங்கள்.

பால்மரம்
ஏற்றும்முன் ஆலயப் பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சமுள்ளது என்று பாருங்கள். நான் சொன்னது இங்கேயாவது பயன்படட்டும்.

நீலத்தும்பி
இதை முழுமையாக ஏற்கிறேன்.

செயலாளர்_கோலசிலாங்கூர்
அந்தக் கணினிதான். நகலை விட்டுவைக்கும் குறி அதில் இல்லை, இப்போது இட்டுவிட்டோம். தேர்க் கட்டணச் சீட்டு, மேளக் குழுவின் ஒப்பந்தம் எல்லாம் அதற்குள் இருந்தன. கிராணி ஐயாவின் பேரன் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். பள்ளிக் கணக்கையும் தனியாகச் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தெலுக்இந்தான்வாசி
மகிழ்ச்சி. கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா?

ஈயவயல்
ஈரோசசில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டீர்களா, சகோதரி?

மூத்தகம்பி
பதில் வராது. திருவிழா முடியட்டும்.