லிங்க்ட்இன்னுக்கு எவ்வளவு நேரம் தரலாம்?

குழு: காட்பாடி குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

விமலா சித்தி, காலை 10:12
அனைவருக்கும் வணக்கம். அருண் படிப்பை முடித்ததிலிருந்து லிங்க்ட்இன்னில்தான் வேலை தேடுகிறான். சாப்பிடும்போதும் அதுதான், இரவு விளக்கை அணைத்த பிறகும் அதுதான். முகநூல் பார்க்கிறான் என்றால் திட்டலாம். வேலை தேடுகிறேன் என்று சொல்பவனை என்ன சொல்லித் திட்டுவது? இதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போதும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அருண், காலை 10:15
நான் பொழுது போக்கவில்லை அம்மா. மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ராணிப்பேட்டையிலோ ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ எப்போது வேலை அறிவிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. மதியம் வந்ததை மாலையில் பார்த்தால் அதற்குள் நூறு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

மீனா அக்கா, காலை 10:34
சித்தி, ஆள் எடுக்கும் துறையில் இருப்பதால் நானே பதில் சொல்கிறேன். அருண் சொல்வதில் பாதி உண்மை. முதல் நாளில் வரும் விண்ணப்பங்களை நாங்கள் பொறுமையாகப் படிப்போம், பிறகு வருபவற்றைப் பார்க்கச் சில சமயம் நேரமே இருப்பதில்லை. ஆனால் அதற்காக நாள் முழுவதும் காவல் இருக்க வேண்டியதில்லை. பதவியின் பெயரையும் ஊரையும் கொடுத்து ஜாப் அலர்ட் வைத்துவிட்டால் அறிவிப்புகள் தினமும் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். வேலைகள் பகுதியில் ‘கடந்த 24 மணி நேரம்’ என்று வடிகட்டிக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் எதுவும் தவறாது. இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம். விண்ணப்பம் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மீனா அக்கா, காலை 10:41
மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது என்றால் ஃபீடில், அதாவது தளத்தைத் திறந்ததும் வரிசையாக வரும் மற்றவர்களின் பதிவுகளில். யாரோ பதவி உயர்வு பெற்ற கதை, யாரோ வேலையை விட்ட கதை, அதற்குக் கீழே நாற்பது வாழ்த்துகள் என்று அது முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 2016இல் மைக்ரோசாஃப்ட் 26.2 பில்லியன் டாலருக்கு இந்தத் தளத்தை வாங்குவதாக அறிவித்தது. என்னைப் போன்ற ஆள் தேடுபவர்களின் நிறுவனங்கள் கட்டும் கட்டணமும் விளம்பரமும் அதன் வருமானத்தில் பெரும் பங்கு. அப்படிக் கட்டணம் கட்டி உள்ளே வரும் நாங்கள் ஃபீடில் உட்கார்ந்திருப்பதில்லை. திறன், ஊர், அனுபவம் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடுகிறோம். அருண் யாருக்கு எத்தனை லைக் போட்டான் என்பது எங்கள் திரையில் ஒரு பொருட்டே இல்லை.

பெரியப்பா, காலை 10:50
அப்படியானால் காலையில் எழுந்ததும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்கிறானே, அது வீண்தானா?

அருண், காலை 10:52
பெரியப்பா, தினமும் ஏதாவது செய்தால்தான் நம் ப்ரொஃபைல் மேலே வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

மீனா அக்கா, காலை 10:55
எங்கே எழுதுகிறார்கள்? ஃபீடில்தானே.

சேகர் மாமா, காலை 11:20
மீனா, ஒரு கை மட்டும் ஓசை தருமா? ஃபீடை நான் முழுவதும் ஒதுக்க மாட்டேன். ஆம்பூரில் நாங்கள் செய்யும் ஷூவை வாங்கும் ஜெர்மனி, இத்தாலி பையர்களில் யார் எந்த கம்பெனிக்கு மாறினார், யார் சென்னைத் தோல் கண்காட்சிக்கு வருகிறார் என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிய வருகிறது. பழைய பையர் புதிய இடத்தில் சேர்ந்த வாரத்திலேயே வாழ்த்துச் சொல்லி எழுதியதால் எங்களுக்கு ஆர்டரும் வந்திருக்கிறது. ஆனால் நேரத்தை அவர்களுடைய கடிகாரத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டேன். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், அவர்கள் அலுவலகம் திறக்கும் காலை ஒன்பது மணி நமக்கு மதியம் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆகும். அப்போதுதான் உள்ளே போகிறேன், எழுத வேண்டியவர்களுக்கு எழுதிவிட்டுப் பிறகுதான் ஃபீடைப் பார்க்கிறேன். வரிசையை மாற்றினால் எழுத நினைத்ததே மறந்துவிடும்.

மீனா அக்கா, காலை 11:28
நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன் மாமா. உங்களுக்குத் தெரிந்த முகங்கள் அங்கே இருக்கின்றன, அருணுக்கு இன்னும் இல்லை. நானும் ஃபீடைப் பார்ப்பதுண்டு, ஆனால் காலை ரயிலில் காட்பாடியில் ஏறி வாலாஜா ரோடு வருவதற்குள் மட்டும். அமைப்புகளில் அண்மைப் பதிவுகள் முதலில் வரும்படி மாற்றிவிட்டேன். நேற்றுப் பார்த்த பதிவு வந்ததும் மூடிவிடலாம். பிறந்தநாள், பணி ஆண்டு நிறைவு போன்ற நோட்டிஃபிகேஷன்களையும் நிறுத்திவிட்டேன். நேரடிச் செய்தியும் ஜாப் அலர்ட்டும் மட்டும் ஒலிக்கும்.

விமலா சித்தி, காலை 11:33
சரி, மிச்சமாகும் நேரத்தில் அவன் என்ன செய்ய வேண்டும்? அதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மீனா அக்கா, காலை 11:47
இதுதான் உண்மையில் பயன் தரும் இடம், சித்தி. அருண், பாகாயத்தில் நீ படித்த கல்லூரியின் பக்கத்தை அதே தளத்தில் திற. அதில் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று வடிகட்டலாம். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஓசூரிலோ உன் துறையில் இருக்கும் சீனியர்களைப் பொறுக்கி, வாரத்துக்கு நாலைந்து பேருக்கு மட்டும் எழுது. வேலை வாங்கித் தாருங்கள் என்று தொடங்காதே. எந்த ஆண்டு முடித்தாய், எந்தப் பணியைப் பற்றிக் கேட்கிறாய், அவர் செய்யும் வேலைக்கு எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று வரியில் கேட்டால், ஒரே கல்லூரி என்பதற்காகவாவது சிலர் பதில் எழுதுவார்கள். ஒரே செய்தியை ஐம்பது பேருக்கு நகலெடுத்து அனுப்புகிறவர்களை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரியப்பா, காலை 11:52
முன்பணம் கட்டினால் நேர்காணல் என்று யாராவது எழுதினால், அவருக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடாதே. ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், அது சைபர் குற்றப் புகாருக்கானது.

அருண், மதியம் 12:06
புரிந்தது. அக்கா, பெயருக்குக் கீழே இப்போது ‘ஆஸ்பைரிங் என்ஜினியர், சீக்கிங் நியூ ஆப்பர்ச்சுனிட்டீஸ்’ என்று வைத்திருக்கிறேன். அது போதுமா?

மீனா அக்கா, மதியம் 12:09
போதாது. நீ புதிய வாய்ப்பைத் தேடுகிறாய் என்பதை வைத்து உன்னை யாரும் தேட மாட்டார்கள். அந்த வரியில் 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. உனக்குத் தெரிந்த வேலையை எழுது.

சேகர் மாமா, மதியம் 12:11
மாப்பிள்ளை, கல்லூரியில் சிஎன்சி மெஷினில், அதுதான் கணினி கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷினில், ப்ராஜெக்ட் செய்தாயே, அதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்?

அருண், மதியம் 12:24
இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘மெக்கானிக்கல் என்ஜினியர், சிஎன்சி ப்ரோகிராமிங், சாலிட்வொர்க்ஸ், ப்ரொடக்‌ஷன் அல்லது குவாலிட்டி பணிக்கு உடனே சேரத் தயார்’.

மீனா அக்கா, மதியம் 12:27
இது சரி. ஊர் என்ற இடத்தில் வேலூர் மட்டும் இருக்கிறது பார். வேலைக்குத் தயார் என்று காட்டும் ‘ஓப்பன் டு வொர்க்’ பகுதியில் ராணிப்பேட்டை, ஓசூர், சென்னை மூன்றையும் சேர்த்துவிடு. நாங்கள் ஊரை வைத்தும் வடிகட்டுவோம்.