மாசசூசெட்ஸ்: எம்காஸ் தேர்வில் தவறினால் டிப்ளமோ கிடைக்காதா?

கேள்வி (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், ஷ்ரூஸ்பரியிலிருந்து)

மதுரையிலிருந்து வந்து ஓராண்டு ஆகிறது. மகள் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் ஆங்கிலம், மே மாதம் கணக்கு என்று எம்காஸ் எனும் மாநிலத் தேர்வின் அட்டவணை வந்திருக்கிறது. இதில் தேறாவிட்டால் பன்னிரண்டு முடித்தாலும் டிப்ளமோ, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், இல்லை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். டிப்ளமோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் எழுத வேண்டும் என்கிறது பள்ளிக் கடிதம். ஹால் டிக்கெட்டும் பறக்கும் படையும் பார்த்து வளர்ந்தவன் நான். தேறாவிட்டாலும் பரவாயில்லை என்றால் எதற்காக எழுதுவது?

பதில் 1

தம்பி, எதிர்வீட்டுக்காரர் சொல்வது பழைய கதை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த தேர்வு இது. 2003இல் பள்ளி முடித்தவர்கள் முதல் டிப்ளமோவுக்குக் கட்டாயமானது. 2024 நவம்பர் தேர்தலில் வாக்காளர்களிடமே கேட்டார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அந்தக் கட்டாயம் வேண்டாம் என்றார்கள். இப்போது, பாடங்களைத் தேர்ச்சியோடு முடித்ததாக உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகம் சான்றளித்தால் போதும். தேர்வு நீடிப்பது, உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையாவது சோதிக்கச் சொல்லும் மத்திய அரசுச் சட்டத்தால்.

என் மகன் கட்டாயம் இருந்த காலத்தில் மாட்டிக்கொண்டவன். கணக்கில் கவலையே இல்லை; ஆங்கிலத்தில் விழுந்தான். அயல்மொழிப் பிள்ளைகள் இருமொழி அகராதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொல்லுக்குச் சொல் மட்டும்; விளக்கம் இருந்தால் கூடாது. ஊரிலிருந்து என் அப்பா அனுப்பிய தடித்த அகராதியை முதல் பக்கத்திலேயே மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள்! நவம்பர் மறுதேர்வில் தேறினான். அந்த எட்டு மாதமும் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. நான் எப்படி வாக்களித்தேன் என்று கேட்க வேண்டுமா?

ஒரு நல்ல செய்தி: இதற்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. மணி அடித்ததும் தாளைப் பிடுங்குகிற கண்காணிப்பாளர் இங்கே இல்லை.

பதில் 2

நான் கட்டாயத்தை நீக்குவதை எதிர்த்து வாக்களித்தவன். பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு ஊரில் ஏ வாங்கியவன் பக்கத்து ஊரில் சி வாங்குவான். எந்த ஊரானாலும் ஒரே அளவுகோல் என்று இருந்தது இது ஒன்றுதான். அக்கா சொல்லும் வேதனை உண்மை. அதற்கு மருந்து, மொழி தெரியாத பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு. ஸ்பானிஷ் பிள்ளைகளுக்குக் கணக்குத் தாள் இரு மொழியிலும் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அகராதி மட்டும்.

மகளை அலட்சியமாக எழுத விடாதீர்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் ஆடம்ஸ் உதவித்தொகை உண்டு. மாநில அரசுக் கல்லூரிகளில் டியூஷன் எனப்படும் படிப்புக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வார்கள், மற்ற கட்டணங்கள் நம் கையிலிருந்துதான். விசாவில் இருப்பவர்கள் தகுதி விதிகளைப் பள்ளி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. நாங்கள் விசாவில்தான் இருக்கிறோம்; திங்கட்கிழமை ஆலோசகரைப் பார்க்கிறேன். நேரக் கட்டுப்பாடு இல்லை என்றதும் மகள், "அப்படியானால் மதியச் சாப்பாடு?" என்றாள். அதையும் கேட்டு வர வேண்டும்.