விடுப்பில் வந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது: வீட்டில் இப்போதே சொல்ல வேண்டுமா?

தென்காசித் தம்பி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அக்னிவீரராக, அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரராக, ராணுவத்தில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் பணியாற்றுகிறேன். எங்களுக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் விடுப்பு என்பதால், ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா நடக்கும் கோடைக்காலத்தை ஒட்டி அதை மொத்தமாகக் கேட்டு வாங்கி, வடக்கிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஊர் சேர்ந்தேன்.

வந்த நாள் முதல் வீடு நிறைந்திருக்கிறது. சங்கரன்கோவிலில் இருந்து ஆச்சி வந்து தங்கியிருக்கிறார். ராஜபாளையத்துச் சித்தி குடும்பத்தோடு கொடைக்கு வந்தார். இன்னும் அத்தை வீடு, பெரியப்பா வீடு, மாமா வீடு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று அம்மா பட்டியல் வைத்திருக்கிறார். அவர்கள் அழைப்பதில் உள்ள அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பாவோடு வயலுக்குச் சென்று நிதானமாக உட்கார்ந்து பேச இதுவரை நேரம் அமையவில்லை.

கொடைக்கு வந்த சித்தியோடு அவர்களது பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்திருந்தார். திருநெல்வேலியில் செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறார். வில்லுப்பாட்டு நடந்த இரவில் என் தங்கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் பேசத் தொடங்கினேன். அதன் பிறகு தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது, அவருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். பணிக்காலமான நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொள்வதில்லை என்று உறுதியளித்துத்தான் நான் சேர்ந்தேன். அந்த விவரத்தை அவரிடம் இன்னும் பேசவில்லை. விடுப்பில் பாதி கடந்துவிட்ட நிலையில், மீதி நாட்களை எப்படிப் பயன்படுத்துவது, வீட்டில் இப்போதே சொல்வது சரியா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தம்பி, பணிபுரியும் இடத்தையும் யூனிட்டையும் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பாராட்டு. நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து வெளியே வந்த காலத்தில், எங்களைப் போன்ற நிரந்தரச் சிப்பாய்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், அதற்கு மேல் தற்செயல் விடுப்பும் உண்டு. உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு என்பதால், நாங்கள் செய்ததைப் போல வீடு வீடாகச் சென்று விருந்து உண்பது உங்களுக்குப் பொருந்தாது. அம்மாவிடம் பணிவாகச் சொல்லி, பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கே அழைத்துவிடுங்கள். நடக்க முடியாத முதியவர்கள் இருந்தால் அவர்களை மட்டும் நீங்கள் தேடிச் சென்று பார்த்து வாருங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஒருவேளை சொன்னாலும், அடுத்த விடுப்பில் அதைச் சரிசெய்துவிடலாம். அப்பாவோடு வயலுக்குச் செல்வதை மட்டும் நாளைக்கே தொடங்குங்கள். மகன் எங்கே நிற்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று ஆண்டு முழுவதும் யாரிடமும் கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ச்சி அடைந்தேன். ஆனால் திருமணக் கட்டுப்பாட்டை அவரிடம் இன்னும் பேசவில்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். அதை இன்றே பேசுங்கள். நான்கு ஆண்டு முடிந்ததும், ஒன்றாகச் சேர்ந்த ஒவ்வொரு அணியிலும் (பேட்ச்) அதிகபட்சம் 25 சதவீதத்தினர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பதையும், மற்றவர்கள் சேவா நிதி என்ற சேமிப்புத் தொகையாக வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு ஓய்வூதியமோ பணிக்கொடையோ இல்லாமல் வீடு திரும்புவார்கள் என்பதையும் அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். படிப்பை முடிக்கப்போகும் ஒரு பெண் காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு, உங்கள் மீதுள்ள அன்பைப் போலவே இந்த விவரங்களும் அவருக்குத் தேவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் எவ்வளவு நெருங்கிப் பேசினாலும் சீருடைப் படம், யூனிட்டின் பெயர், இருக்கும் இடம், புறப்படும் நாள் ஆகியவற்றை எழுதி அனுப்பாதீர்கள். தகவல் கசிவைத் தடுக்க 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்குமாறு ராணுவம் வீரர்களுக்கு உத்தரவிட்டதை உங்களுக்குப் பயிற்சியிலேயே விளக்கியிருப்பார்கள். அந்தப் பெண் மீது ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. முன்னணி நிலைகளில் பல நாள் சிக்னலே கிடைக்காது. அந்த நாட்களில் நீங்கள் பேசாமல் இருப்பதை அவர் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். எங்கள் காலத்தில் பெயர், எண், யூனிட்டோடு '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரியை எழுதினால் போதும், எந்த மலை என்று தெரியாமலேயே வீட்டுக் கடிதம் எங்களைத் தேடி வந்து சேர்ந்துவிடும். அந்த அஞ்சல் ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கடிதம் எழுதத் தயங்காதீர்கள். அம்மாவிடமும் இந்த விடுப்பு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு ரயில் ஏற வேண்டாம்.

பட்டாளத்தார் மனைவி

ஹவில்தார் ஐயா சொன்னதில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், சொல்லலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், தம்பி. உங்கள் அம்மா மகிழ்ச்சியில் சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்வார், சித்தி பக்கத்து வீட்டில் சொல்வார், அன்று மாலைக்குள் அது தெருவெல்லாம் பரவிவிடும். நீங்கள் ரயிலேறி வடக்கே சென்றுவிடுவீர்கள். தெருவின் பேச்சையும் தந்தையின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு இறுதித் தேர்வு எழுத வேண்டியவர் அவர். நாளை இந்த உறவு எந்தக் காரணத்தாலோ நின்றுபோனால், நம் ஊர்களில் ஆணைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள், பெண்ணைப் பற்றி அவருக்கு வேறு இடத்தில் திருமணம் பேசும்போதும் பேசுவார்கள். ஆகவே அவர் 'இப்போது வேண்டாம், தேர்வு முடியட்டும்' என்று சொன்னால் அதை மதிப்பதே நியாயம். உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்; இப்போதைக்கு அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

என் கணவர் 17 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விடுப்பில் வரும் பட்டாளத்தாரை யாருக்கும் எளிதில் பிடித்துவிடும். ஊரே கொண்டாடும் நேரம் அது. அவரும் நல்ல உடை, நல்ல மனநிலை, எல்லாருக்கும் ஏதாவது வாங்கிக் கொடுக்கும் கை என்று வந்திருப்பார். பிறகு வரும் பதினொரு மாதங்கள் வேறு மாதிரியானவை. தீபாவளிக்கு வரமுடியாது, மாமியாரை மருத்துவமனையில் சேர்த்த செய்தி கூட அவருக்கு இரண்டு நாள் தாமதமாகப் போகும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லாமல், அவர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான விடையாகச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு தொழில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். செவிலியர் படிப்பை முடித்தவர்கள் வெளிநாடு செல்வது நம் பக்கத்தில் சாதாரணம். அவரது திட்டம் என்ன என்று இதுவரை கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான்காம் ஆண்டு அக்னிவீரர்

நண்பரே, நானும் இதே நிலையில் இருப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்றாவது ஒரு நாள் அந்தப் பெண்ணின் தந்தை 'நான்கு ஆண்டுக்குப் பிறகு என்ன செய்வாய்?' என்று உங்களிடம் கேட்பார். அந்தக் கேள்விக்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்கிவிடுங்கள். பட்டத்துக்குத் தேவையான மதிப்பெண் அலகுகளில் (கிரெடிட்) பாதியாக நமது பயிற்சியையே ஏற்றுக்கொள்ளும் பட்டப்படிப்பு ஒன்றை இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நமக்காக ஏற்படுத்தியிருக்கிறது; யூனிட்டில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. சம்பளத்தில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போன பிறகு கையில் வரும் தொகையில் ஒரு பகுதியையாவது தனியாகச் சேமியுங்கள். சேவா நிதியை வீடு கட்ட, கடன் அடைக்க என்று வீட்டார் இப்போதே கணக்குப் போட்டிருக்கலாம், அதையும் இந்த விடுப்பிலேயே அப்பாவிடம் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தென்காசித் தம்பி

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருமணக் கட்டுப்பாடு, 25 சதவீதம், சேவா நிதி எல்லாவற்றையும் நேற்று அவரிடம் விரிவாகச் சொன்னேன். சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு ஏதாவது மருத்துவமனையில் வேலை பார்த்து அனுபவம் பெற வேண்டும் என்றும், அதனால் உடனே திருமணம் என்று யாராவது சொன்னால்தான் தனக்குச் சிக்கல் என்றும் கூறினார். தேர்வு முடியும் வரை தன் வீட்டில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டேன். என் அம்மாவிடமும் அதுவரை சொல்லப்போவதில்லை. ஹவில்தார் ஐயா பொறுத்தருள வேண்டும். உறவினர்கள் அனைவரையும் வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே அழைத்துவிட்டோம், பெரியப்பா முதல் ஆளாக வருவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவிடம் சேவா நிதி பற்றிப் பேசுவதுதான் மீதி. அதை வயலில் வைத்துப் பேசலாம் என்று இருக்கிறேன்.