ராஜகோபுரத்து இடிதாங்கி: கொட்டேஷனில் விட்டுப்போனவை

எல்லாருக்கும் வணக்கம்.

திருப்பணிக் கணக்கில் "இடிதாங்கி – 1" என்று ஒற்றை வரி இருக்கிறது. கொட்டேஷனைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஒன்று உச்சியில் வைக்கிற கருவி மட்டும்தான். கீழே இறங்கும் பட்டைக்கும் மண்ணுக்குள் போகும் எர்த்துக்கும் "ஆக்சுவல்", அதாவது ஆகிற செலவுப்படி, என்று போட்டுவிட்டார்கள். கோபுரம் தப்புவதும் தப்பாததும் அந்த ஆக்சுவலைப் பொறுத்தது.

> கலசத்தில் வரகு நிரப்பியிருக்கிறதே, அதுவே இடிதாங்கிதானே?

மாமா, வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. மின்னல் மேகத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர், 50 மீட்டராகத் தாவித் தாவி இறங்கும். தரையை நெருங்கியதும் உயரமான முனைகளிலிருந்து சிறு பொறிகள் மேலே கிளம்பும். எந்தப் பொறி முதலில் போய்த் தொடுகிறதோ அந்த வழியாக மின்னோட்டம் பாயும்: சாதாரணமாக 30,000 ஆம்பியர், பெரிய இடி என்றால் 2,00,000 வரை. செம்புக் கலசத்தைவிட இதற்குத் தோதான முனை ஊரில் கிடையாது. ஆனால் வாங்கியதை எங்கே இறக்குவது? உள்தண்டு மரம், அதற்குக் கீழே சுதை, செங்கல், சுண்ணாம்புக் காரை. அவற்றில் ஊறிய ஈரம் கண்ணிமைப்பதற்குள் ஆவியாகி வெடிக்கும். இடி விழுந்த கோபுரங்களில் சுதைச் சிற்பத்தின் தலையும் கையும் பெயர்ந்து விழுவது அதனால்தான். வரகுக்கு இதில் வேலை இல்லை. விதை காக்கிற வழக்கம் என்றால் நல்லது, இருக்கட்டும்.

> 100 மீட்டர் சுற்றிலும் காக்கும் கருவி என்கிறார்களே?

அது இ.எஸ்.இ. என்ற வகை, மேலே கிளம்பும் பொறியைச் சற்று முன்னதாகவே கிளப்பும் என்று சொல்லி விற்பது. நாம் பின்பற்ற வேண்டிய இடிதாங்கித் தர விதி ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 அந்த நீட்டிய ஆரத்தை ஏற்பதில்லை. கம்பியின் உயரமும் இடமும்தான் கணக்கு. அந்தப் பணத்தைப் பட்டைக்கும் எர்த்துக்கும் செலவழிக்கலாம். கலசங்களை ஒட்டி, அவற்றைவிட அரை மீட்டர் உயர்ந்த செம்புக் கம்பி இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, எல்லாக் கலசங்களையும் இணைக்கும் பட்டை ஒன்று. உச்சிக்கு இது போதும். கலசத் தகடு மெல்லியது, நேரே அடித்தால் ஓட்டை விழும். கம்பி உயர்ந்து நிற்பது அதற்காக.

பட்டை இரண்டு இறங்க வேண்டும், எதிரெதிர் பக்கத்தில். ஒன்று போதும் என்று மேஸ்திரி சொல்வார், விடாதீர்கள். 20 மீட்டர் பட்டையில் மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினாலே உச்சிக்கும் அடிக்கும் நடுவே 2 லட்சம் வோல்ட் எழும். இரண்டாகப் பிரித்தால் ஏறத்தாழப் பாதி. 25×3 மி.மீ. செம்புப் பட்டை, மொத்தம் 60 மீட்டர் பிடிக்கும், சுமார் 40 கிலோ. 25×3 என்று எழுதி 25×2 இறக்குவது நடக்கிற காரியம். மீட்டருக்கு 670 கிராம் இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு பித்தளைக் கிளாம்ப். இரும்பு ஸ்க்ரூ செம்போடு சேர்ந்தால் நாலு மழையில் துருப்பிடித்துக் கழன்றுவிடும்.

அதிகம் தவறு நடப்பது கொடுங்கையில், அதாவது வெளியே நீண்ட வளைந்த விளிம்பில். தளத்துக்குத் தளம் நீட்டிக்கொண்டிருப்பதைச் சுற்றிப் பட்டையை 'ப' மாதிரி மடிப்பார்கள். மின்னல் அந்தச் சுற்றுப்பாதையில் போகாது, 'ப'வின் திறந்த வாயைத் தாண்டிக் குதிக்கும். குதிக்கிற இடத்தில் சுதை தெறிக்கும். வளைவின் வாய் 20 செ.மீ. என்றால் அதற்குள் ஓடும் பட்டை 1.6 மீட்டரை, அதாவது எட்டு மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொடுங்கையைத் துளைத்து நேரே இறக்குங்கள். ஸ்தபதியிடம் கேட்காமல் துளைக்க முடியாது, சாரம் நிற்கிறபோதே பேசி முடிக்க வேண்டும். சாரம் பிரித்த பிறகு செய்தால் இதே வேலைக்குப் பட்டையைவிடச் சாரச் செலவு அதிகமாகும்.

கடைசி இரண்டரை மீட்டர் செம்பு திருடு போகும். அந்தப் பகுதிக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை போட்டு, செம்பும் இரும்பும் நேரே தொடாதபடி இரட்டை உலோகத் தகடு வைத்து இணைத்து, கனமான பி.வி.சி. குழாயால் மூடுங்கள். இரும்புக் குழாய்க்குள் விட்டால் அது மின்னோட்டத்தை நெரிக்கும். இணைப்பு, எர்த்தை அளவெடுக்கக் கழற்றக்கூடியதாக ஆள் மட்டத்தில் இருக்கட்டும்.

எர்த்: நம் வண்டல் மண்ணின் மின்தடைமை 50 ஓம்-மீட்டர் என்று வைத்தால், மண்ணில் அடிக்கும் 3 மீட்டர் ராடு ஒன்று 16 ஓம் சொச்சம் தடை தரும். வேண்டியது 10-க்குக் கீழே. ஆகவே பக்கத்துக்கு இரண்டு ராடு, 6 மீட்டர் இடைவெளியில், சுற்றிலும் பெண்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்). உப்பும் கரியும் வேண்டாம், உப்பு ஜி.ஐ.யை அரித்துவிடும். இரு பக்க எர்த்தையும் தரைக்கடியில் பட்டையால் இணைக்க வேண்டும். எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பங்குனியில் அளந்து பாருங்கள். ஐப்பசி ஈரத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

ராடுகள் வாசலை ஒட்டி வரக் கூடாது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் கோபுர வாசலில்தான் நிற்பார்கள். இடி இறங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் வரும். அந்த ஆபத்தைக் குறைக்க, பட்டையைச் சுற்றி 3 மீட்டருக்கு 15 செ.மீ. கனத்தில் ஜல்லி பரப்புங்கள்.

– மஸ்கட்டிலிருந்து

---

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கோபுரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரையும் சீரியல் செட்டையும் மறந்துவிட்டோம். அந்த வயர் பட்டைக்குப் பக்கத்தில் ஓடினால் மின்னல் அதன் வழியே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். உச்சிப் பக்கம் செங்கல் சுவர் நடுவே இருந்தாலும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி ஓட்ட வேண்டும். மெயின் போர்டில் டைப் 1 எஸ்.பி.டி. (மின்னலால் வயரில் எழும் அதிக வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) ஒன்று, அதன் இணைப்பு வயர் மொத்தமே அரை மீட்டருக்குள். இரண்டு மீட்டர் வயரைச் சுருட்டி உள்ளே வைத்தால் எஸ்.பி.டி. வைத்ததற்கே அர்த்தமில்லை. கோயில் கரண்ட் எர்த்தையும் இடிதாங்கி எர்த்தையும் தனித்தனியே விடாமல் இணைக்கச் சொல்லுங்கள். லோக்கல் எலக்ட்ரீஷியன் மறுப்பார், ஆனால் அதுதான் சரி.

– சிங்கப்பூரிலிருந்து